போலந்து அஞ்சல் நினைவு நாணயம் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

போலந்தில் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்களில் தபால்தலை, நாணயம் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். இந்த நாட்டு அஞ்சல், தபால்தலை வரலாற்றைக் கொண்டாடும் நாணயம் ஒன்றைத் தொகுப்பில் சேர்க்க நினைத்தால் தமிழில் ஒரு வரி விவரம்கூடக் கிடைப்பதில்லை. விளம்பரங்கள் போலிஷ் மொழியில் இருக்கும். விதிகள் வங்கி, வரி அலுவலகம், சுங்கம் என்று ஆளுக்கொரு இடத்தில் சிதறிக் கிடக்கும். நான் ஒவ்வொன்றாகத் தேடி, கேட்டு, அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. எந்த நாணயம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"போலந்து அஞ்சல் நாணயம்" என்று பொதுவாகத் தேடினால் நூறு விதமான பொருட்கள் வந்து விழும். ஆகவே தேடுவதற்கு முன்பே இலக்கு தெளிவாக இருக்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது போலந்து தேசிய வங்கி 2008இல் வெளியிட்ட "போலந்து அஞ்சலின் 450 ஆண்டுகள்" வரிசை. போலிஷில் "450 லாட் போச்டி போல்ஸ்கியெய்" என்று இருக்கும். இதில் மூன்று நாணயங்கள் (ஸ்லோட்டி என்பது போலந்தின் பணம்): 2 ஸ்லோட்டி, 10 ஸ்லோட்டி வெள்ளி, 200 ஸ்லோட்டி தங்கம். கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு ஆண்டுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அரசர் இரண்டாம் சிகிஸ்முண்ட் அகஸ்டஸ் 1558இல் க்ராக்கோவ் நகரையும் வெனிஸையும் இணைத்துத் தொடங்கிய அஞ்சல் சேவையிலிருந்து எண்ணினால்தான் 450 ஆண்டுகள் வரும். போலந்தின் முதல் தபால்தலை, சேகரிப்பாளர்கள் "போலந்து எண் 1" என்று சொல்லும் 10 கோப்பெக் (ரஷ்யக் காசு) தலை, வந்தது 1860இல். விற்பவர்களில் சிலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். "முதல் தபால்தலையின் 450 ஆண்டு" என்று ஒரு விளம்பரம் சொன்னால், எழுதியவருக்கே பொருள் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

வாங்கும் முன் நேரில் அனுபவம் வேண்டும் என்றால் இரண்டு இடங்கள் உண்டு. வார்சாவில் தேசிய வங்கி நடத்தும் பண மையத்துக்கு அனுமதி இலவசம். பழைய நாணயங்களையும் புதிய வெளியீடுகளையும் அங்கே பார்க்கலாம். தபால்தலைக்கு வ்ரோத்ஸ்வாஃப் நகரின் அஞ்சல், தொலைத்தொடர்பு அருங்காட்சியகம். ஒரு மதியம் ஒதுக்கிப் போய் வந்தால், அதன் பிறகு படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

2. வெளியிட்டவர் யார் என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். போலந்தில் செல்லுபடியாகும் நாணயம் வெளியிடும் உரிமை தேசிய வங்கிக்கு மட்டும்தான் உண்டு. வேறு யார் வெளியிட்டாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அது போலந்து நாணயம் ஆகாது.

இந்த வரிசை நாணயங்களில் நான்கு அடையாளங்கள் இருக்கும். முடிசூடிய வெள்ளைக் கழுகு, நாட்டின் பெயரான "ஜெச்போஸ்போலிட்டா போல்ஸ்கா", ஸ்லோட்டியில் மதிப்பு, வெளியான ஆண்டு. கழுகின் காலடியில் வார்சா நாணயச்சாலையின் சிறிய குறி இருக்கும். நான்கில் ஒன்று குறைந்தாலும் நின்று யோசியுங்கள்.

ஏமாறாமல் கவனிக்க வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, பதக்கங்கள். விளம்பரத்தில் "மெடல்", "ஜெட்டோன்", "நுமிஸ்மாட்" என்ற சொற்கள் வரும். "நுமிஸ்மாட்" என்ற சொல்தான் அதிகம் ஏமாற்றுகிறது. நாணயத்துக்கும் அதைச் சொல்வார்கள், பதக்கத்துக்கும் சொல்வார்கள். மதிப்பு எண் இல்லையென்றால் அது பதக்கம். பதக்கம் வாங்குவது தவறில்லை, நாணயத்தின் விலையைக் கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம்.

இரண்டாவது, வேற்று நாட்டு நாணயங்கள். வார்சாவில் உள்ள போலந்து நாணயச்சாலை, பசிபிக் தீவு நாடான நியூவேயின் பெயரில் டாலர் மதிப்பில் சேகரிப்பு நாணயங்கள் அச்சடிக்கிறது. போலந்துக் கருப்பொருளில் மிக நேர்த்தியான வேலைப்பாடோடும் வருகின்றன. ஆனால் அவை நியூவே நாணயங்கள். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், தெரிந்து வாங்குங்கள். தொகுப்பு அட்டையில் நாடு என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பது அதைப் பொறுத்தது.

மூன்றாவது, தேசிய வங்கியின் உண்மையான 2 ஸ்லோட்டி நாணயத்தை எடுத்து, தனியார் அதன்மேல் வண்ணம் பூசியோ தங்க முலாம் ஏற்றியோ விற்பது. "ஸ்லோட்சோனா" என்றால் முலாம் பூசியது. இப்படி மாற்றிய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் சேதமான நாணயமாகவே கணக்கில் வைக்கிறார்கள். பூசாதது மலிவாகக் கிடைக்கும்போது பூசியதற்குக் கூடுதலாகக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு குழி இருக்கிறது. 2 ஸ்லோட்டி நாணயத்தின் உலோகத்துக்கு "நார்டிக் கோல்டு" என்று பெயர். அதில் ஒரு துளி தங்கம் கிடையாது. செம்பு 89 சதவீதம், அலுமினியம் 5, துத்தநாகம் 5, தகரம் 1. இதன் விட்டம் 27 மி.மீ. 200 ஸ்லோட்டி தங்க நாணயத்தின் விட்டமும் அதே 27 மி.மீ.தான். இரண்டும் மஞ்சள். படத்தில் பார்த்தால் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது. மதிப்பு எண்ணையும் எடையையும் பார்க்காமல் "தங்க நிறம்" என்பதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

3. உலோகக் கணக்கைப் போட்டு, செலவு வரம்பை வையுங்கள்

மூன்று நாணயங்களின் அளவுகள் இவை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

2 ஸ்லோட்டி: 8.15 கிராம், 27 மி.மீ.
10 ஸ்லோட்டி: 14.14 கிராம், 32 மி.மீ., வெள்ளித் தூய்மை ஆயிரத்துக்கு 925
200 ஸ்லோட்டி: 15.5 கிராம், 27 மி.மீ., தங்கத் தூய்மை ஆயிரத்துக்கு 900

வெள்ளி நாணயத்தில் சுத்த வெள்ளி சுமார் 13.08 கிராம். தங்க நாணயத்தில் சுத்தத் தங்கம் 13.95 கிராம். அன்றைய சந்தை விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும். ஒரு கிராம் வெள்ளி 5 ஸ்லோட்டி என்று வைத்துக்கொண்டால், நாணயத்தில் உள்ள வெள்ளி சுமார் 65 ஸ்லோட்டி. விற்பவர் கேட்பது அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். வெள்ளி விலை ஏறும் நாட்களில் நினைவு நாணயங்களையும் உலோக விலையை ஒட்டியே விற்றுவிடுகிறார்கள். அலங்காரப் பேச்சைக் கேட்டு அன்று அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

மாறாக, தங்க நாணயத்தை உலோக மதிப்புக்கு வெகுவாகக் கீழே யாராவது விற்றால் விலகிவிடுங்கள். எந்த நகைக்கடையிலும் உலோக விலைக்கு விற்கக்கூடிய ஒன்றை அவர் ஏன் உங்களுக்குப் பாதி விலையில் தர வேண்டும்?

2 ஸ்லோட்டி நாணயம் சில ஸ்லோட்டிகளுக்கே கிடைத்துவிடும். அதில் கவனிக்க வேண்டியது அனுப்பும் கட்டணம். பல சமயம் நாணயத்தைவிட அதுதான் அதிகம். ஒரே விற்பவரிடம் நான்கைந்து நாணயங்களாகச் சேர்த்து வாங்கினால் கட்டணம் பரவிவிடும். 2008இன் மற்ற நினைவு நாணயங்களையும் அவரே வைத்திருப்பார்.

4. வாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிய வெளியீடு என்றால் தேசிய வங்கியிடமே வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் வெளியீட்டுத் திட்டத்தை வங்கி முன்கூட்டியே அறிவிக்கிறது. அதன் "கோலெக்ட்ஸியோனெர்" இணையக் கடையிலும், நாடு முழுவதும் உள்ள 16 வட்டாரக் கிளைகளிலும் விற்பனை நடக்கும். வெளியீட்டு நாளில் முந்துபவர்கள் அதிகம் என்பதால் இணையக் கடையில் கணக்கைச் சில நாட்கள் முன்பே திறந்து வைப்பது நல்லது. கிளைக்குப் போனால் பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ கையில் இருக்கட்டும். புழக்கத்துக்கான நினைவு நாணயங்களைக் கிளைகளில் முகமதிப்புக்கே மாற்றிக்கொள்ளலாம். 2014 முதல் 2 ஸ்லோட்டி நினைவு நாணயங்களின் இடத்தை இரு உலோக 5 ஸ்லோட்டி நாணயங்கள் பிடித்துவிட்டன.

2008 வரிசை வங்கியிடம் இப்போது கிடைக்காது. அதற்கு வெளிச்சந்தைதான்.

நாணயக் கடை: வார்சா, க்ராக்கோவ், வ்ரோத்ஸ்வாஃப் போன்ற பெரிய நகரங்களில் நிறைய உண்டு. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் கையில் வாங்கிப் பார்க்கலாம், எடை போடச் சொல்லலாம், ரசீது கிடைக்கும். முதல் வெள்ளி நாணயத்தையாவது கடையில் வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஓர் அசல் நாணயத்தைக் கையில் பிடித்த பிறகு போலி தானாகவே உறுத்தும்.

ஏல நிறுவனம்: அரிய பொருளுக்கும் தங்கத்துக்கும் ஏற்றது. ஏலம் முடிந்த தொகையோடு நிறுவனத்தின் கட்டணமும் சதவீதக் கணக்கில் சேரும். அது எவ்வளவு என்பது அவர்களின் விதிமுறையில் இருக்கும். விலை கேட்பதற்கு முன்பே அதைக் கூட்டி, உங்கள் உச்ச வரம்பைத் தாளில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஏலத்தின் வேகத்தில் கை தானாக மேலே போகும்.

அலெக்ரோ (போலந்தின் இணையச் சந்தை): அதிகத் தேர்வு இங்கேதான். விற்பவர் நிறுவனமா தனிநபரா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அதை அவசியம் பாருங்கள். இணையம் வழியாக நிறுவனத்திடம் வாங்கினால், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை பொதுவாக உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அது கிடையாது. விலை உலோகச் சந்தையோடு ஏறி இறங்கும் முதலீட்டுத் தங்கம் போன்றவற்றுக்கும் இந்த உரிமை பொருந்தாமல் போகலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓஎல்எக்ஸ் போன்ற விளம்பரத் தளங்கள்: நேரில் சந்தித்து வாங்க மட்டும். "வாட்ஸ்அப்பில் பேசலாம்" என்று ஆரம்பித்து, ஓர் இணைப்பை அனுப்பி அட்டை எண் கேட்பது இங்கே பழைய மோசடி. தளத்தை விட்டு வெளியே உரையாடலை நகர்த்தாதீர்கள். நீங்கள் கையில் மிஞ்சிய நாணயத்தை விற்கும்போதும் இதே வலை வரும். "பணம் வாங்க அட்டை விவரம் கொடுங்கள்" என்பார்கள், கொடுக்கவே கூடாது.

தொலைபேசியிலும் பத்திரிகை விளம்பரத்திலும் வரும் "முதல் நாணயம் இலவசம், அனுப்பும் செலவு மட்டும்" என்ற அழைப்பு தனி ரகம். சிறிய எழுத்தில் மாதாமாதம் அடுத்தடுத்த பொருள் விலைக்கு வரும் என்ற ஒப்பந்தம் ஒளிந்திருக்கும். வருவதும் பெரும்பாலும் முலாம் பூசிய பதக்கங்கள்தான். போலிஷ் சரளமாகத் தெரியாத நிலையில் தொலைபேசியில் "தாக்" என்று ஆமாம் சொல்லிவிடாதீர்கள்.

5. விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

மொழிபெயர்ப்புச் செயலி இந்தத் துறைச் சொற்களில் அடிக்கடி தடுமாறும். இவற்றை நேராகத் தெரிந்துகொள்ளுங்கள்.

"லுஸ்ட்ஷாங்கா" என்றால் கண்ணாடி போன்ற பின்னணியில் அச்சடித்த ப்ரூஃப் நாணயம். 10 ஸ்லோட்டி வெள்ளி இந்தத் தரத்தில்தான் வந்தது. "ஸ்டான் மென்னிச்சி" என்றால் நாணயச்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பது. நிலையை ரோமன் எண்களிலும் குறிப்பார்கள். ஒன்று என்பது மிகச் சிறந்தது, எண் கூடக் கூடத் தேய்மானம் கூடும். "ப்ரூபா" தூய்மையைக் குறிக்கும், "ஸ்ரெப்ரோ" வெள்ளி.

"கோப்பியா", "ரெப்ளிகா" இரண்டும் நகல். தலைப்பில் இல்லாமல் விவரத்தின் கடைசி வரியில் இருக்கும். ஆகவே கடைசி வரி வரை படியுங்கள்.

படம் உண்மையில் அந்த நாணயத்தினுடையதா என்றும் கேளுங்கள். ஒரே படத்தைப் பல விற்பவர்கள் போட்டிருந்தால் அது எங்கிருந்தோ எடுத்தது. சாய்ந்த வெளிச்சத்தில் இரு பக்கமும் எடுத்த படம் கேட்பது முறையான கோரிக்கைதான், நல்ல விற்பவர் தயங்க மாட்டார். ப்ரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் விரல் ரேகையும் மெல்லிய கீறலும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். தாளை யாரும் அச்சடிக்கலாம். நாணயத்தின் அசல்தன்மைக்கு நாணயமே சாட்சி.

6. பணம், அனுப்புதல், காலம்

உள்நாட்டில் பாச்கோமாட் பெட்டிக்கு (பொதியை நாமே திறந்து எடுத்துக்கொள்ளும் தானியங்கிப் பெட்டி) அனுப்பினால் பெரும்பாலும் ஓரிரு வேலை நாட்களில் வந்துவிடும். 2 ஸ்லோட்டி நாணயத்துக்கு அது போதும். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மதிப்பை அறிவித்துக் காப்பீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் கூடும், கூடட்டும்.

பொதியைப் பிரிக்கும்போது கைபேசியில் ஒரே தொடர் காணொளியாக எடுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி நாணயம் வெளியே வரும்வரை வெட்டாமல் இருக்க வேண்டும். தகராறு வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே வலுவான ஆதாரம் அதுதான்.

7. வந்த அன்றே சோதியுங்கள்

14 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்பதால் தள்ளிப் போடாதீர்கள். தேவை மூன்று கருவிகள்: 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, விட்டம் அளக்கும் காலிப்பர், ஒரு காந்தம்.

எடையும் விட்டமும் மேலே கொடுத்த அளவோடு ஒத்துப் போக வேண்டும். மூன்று உலோகத்தில் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்புங்கள். 2 ஸ்லோட்டி நாணயத்தின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். தேசிய வங்கியின் மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர் (NBP) எட்டு முறை, ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும், இடையில் நட்சத்திரத்தோடு இருக்கும்.

நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். குறிப்பாக ப்ரூஃப் நாணயத்தின் முகத்தில் விரல் பட்டால் அந்த ரேகை நிரந்தரமாகத் தங்கிவிடும். அது உறைக்குள் இருந்தால் திறக்காமலே பார்க்க முடிந்தவரை பார்த்துவிட்டு, எடை போட மட்டும் பருத்திக் கையுறையோடு திறவுங்கள்.

8. காகிதங்களும் வரியும்

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடையிலோ நிறுவனத்திலோ வாங்கினால் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அன்றே படமும் எடுத்துவையுங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதங்களில் மங்கிவிடும்.

தனிநபரிடம் வாங்கி, பொருளின் சந்தை மதிப்பு 1000 ஸ்லோட்டிக்கு மேல் போனால், வாங்கியவர் 2 சதவீதம் ஒப்பந்த வரி கட்ட வேண்டும். பிசிசி-3 என்ற படிவத்தை 14 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் கொடுத்து, வரியையும் அதற்குள் கட்டிவிட வேண்டும். வரி 1000க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும். தங்க நாணயம் 7000 ஸ்லோட்டி என்றால் வரி 140. உங்கள் பெசெல் எண் (போலந்தின் தனிநபர் அடையாள எண்) தேவைப்படும். இணையம் வழியாகவும் படிவம் அனுப்பலாம். இதற்கு ஆதாரமாக "உமோவா" எனப்படும் எழுத்துமூல விற்பனை ஒப்பந்தம் ஒன்றை இருவர் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அதில் நாணயத்தின் பெயர், ஆண்டு, உலோகம், எடை, விலை, தேதி, இருவரின் விவரங்கள் இருக்கட்டும். ஒப்பந்தம் எழுத மறுக்கும் தனிநபரிடம் தங்கம் வாங்காதீர்கள்.

பின்னால் விற்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. வாங்கிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம் முடிவதற்குள் லாபத்தில் விற்றால் அந்த லாபம் வருமான வரிக் கணக்கில் சேரும். மார்ச் 10இல் வாங்கினால் மார்ச் 31இலிருந்து எண்ண வேண்டும், செப்டம்பர் முடிந்த பிறகு விற்றால் கவலையில்லை. இது தொழிலாகச் செய்யாதவர்களுக்கான விதி. வாங்கிய தேதியைக் காட்டும் காகிதம் அப்போதும் கைகொடுக்கும்.

9. வைத்திருப்பது

நாணயத்தைத் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், வெள்ளிப் பாலிஷ் பக்கமே போகாதீர்கள். கறுத்த வெள்ளியைவிடத் தேய்த்த வெள்ளிக்கு விலை குறைவு. 2 ஸ்லோட்டிக்கும் தங்கத்துக்கும் 27 மி.மீ., வெள்ளிக்கு 32 மி.மீ. உறை வாங்குங்கள். மலிவான மெத்தென்ற பிவிசி பைகள் நாளாவட்டத்தில் பசைபோல் ஒட்டிப் பச்சை படியவிடும். கடினமான உறையே நல்லது.

நாணயத்தோடு தபால்தலையையும் சேர்த்து ஒரே பக்கத்தில் வைக்க ஆசை வரும், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் "போலந்து எண் 1" தலையை இணையத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். போலிகள் உலவும் தலை அது. போலந்து தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் நிபுணர் உத்தரவாதம் உள்ளதை மட்டும் எடுங்கள்.

10. ஊருக்கு எடுத்துப்போவது, அனுப்புவது

சாதாரணக் கடிதத்தில் நாணயம் போட்டு அனுப்பக் கூடாது. சர்வதேச அஞ்சல் விதிப்படி நாணயமும் தங்கமும் வெள்ளியும் காப்பீடு செய்த அஞ்சலில்தான் போகலாம். அதற்கும் போய்ச்சேரும் நாட்டின் தடைப் பட்டியலை அஞ்சலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பொதியைக் கட்ட வேண்டும். கையில் எடுத்துப்போவது எளிது.

2008இல் அச்சடித்த நாணயத்துக்குப் போலந்தின் பழம்பொருள் ஏற்றுமதி அனுமதி தேவையில்லை. நூறாண்டு கடந்த நாணயத்தையோ தலையையோ எடுத்துப்போவதானால் மாகாணப் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்பே கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும்போது 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் வைத்திருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2021 ஜூன் முதல், 90 சதவீதமோ அதற்கு மேலோ தங்கம் உள்ள நாணயங்களும் இந்த ரொக்கக் கணக்கில் சேரும். 200 ஸ்லோட்டி நாணயம் சரியாக 90 சதவீதம். ஒன்றிரண்டு கொண்டு போனால் வரம்பைத் தொடாது, பையில் உள்ள பணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

இந்தியாவில் இறங்கும்போது, நகை அல்லாத தங்கமும் வெள்ளியும் பயணிகளுக்கான வரிவிலக்கில் வராது. சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய், ரசீதைக் காட்டி அறிவித்துவிடுங்கள். ரசீது போலிஷில் இருந்தால் பொருளின் பெயர், எடை, உலோகம், விலை நான்கையும் ஆங்கிலத்தில் தனித்தாளில் எழுதி ரசீதோடு பின் அடித்து வையுங்கள். 2 ஸ்லோட்டி நாணயம் வெறும் செம்புக் கலவை என்பதால் இந்தத் தங்கம், வெள்ளிக் கணக்கில் வராது.